வலது நெம்புகோல்

லெதெப்ரஹான் கடையில் காபி மிஷினின் வில் அறுந்த அன்று
மழை. உள்ளே பதினோரு பேர்.
துப்பாக்கி என்று நினைத்து
இரண்டு பேர் மேசைக்கடியில் போனார்கள்.
மற்ற ஒன்பது பேரும்
கோப்பையைக் கையால் மூடிக்கொண்டார்களாம்.
அஸ்மாராவில்
எதை முதலில் காப்பது என்பதில்
ஆளுக்கொரு கொள்கை.

மறுநாள் மெதெபெர் சந்தைக்குக்
கழுதை வண்டியில் வந்தது,
போர்வை போர்த்திக்கொண்டு.
என் கடைசல் இயந்திரத்தின் பக்கத்தில் இறக்கினோம்.
பக்கத்துத் தட்டியில் டயரைச் செருப்பாக அறுப்பவன்
எட்டிப் பார்த்துச் சொன்னான்:
"மரை கழன்ற கேஸ்."
மிஷினையா, என்னையா என்று
நான் கேட்கவில்லை.

இரண்டு நெம்புகோல். ஒரு கொதிகலன்.
கடல் மட்டத்து ஊருக்காகச் செய்தது;
நாங்கள் இருப்பதோ மேகத்துக்கு மேல்வீட்டில்.
இங்கே தண்ணீர் சீக்கிரமே பொறுமை இழக்கும்.
உள்ளே சுண்ணாம்பு, விரல் தடிமனுக்கு.
மூன்று நாள் எலுமிச்சைச் சாறு ஊற்றினேன்.
பெருமூச்சு விட்டுவிட்டு
நாலாம் நாள் செம்பு தெரிந்தது.

வலது பக்கத்துக் குழாயைக் கழற்றியபோது
வாஷர் இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு நாணயம், நடுவில் துளை.
எனக்கு முன்னால் யாரோ.
ஒரு பக்கத்தில் அரசரின் முகத்தை
அரம் வைத்து மழமழவென்று அராவியிருந்தான்.
தலை போகிற அவசரம் என்பார்களே,
அதில் ஒரு தலையே போயிருக்கிறது.
மறுபக்கத்துச் சிங்கத்தை விட்டுவிட்டான்.
அத்தனை வருஷம் நீராவியில் வெந்தும்
வாலைத் தூக்கிக்கொண்டே நின்றது.

புது வாஷர் வெட்டி வைத்திருந்தேன், பித்தளையில்.
அதைப் பெட்டியில் போட்டேன்.
சிங்கத்தைத் துடைத்துத் திரும்ப உள்ளே வைத்தேன்.

வில்லுக்குக் கம்பி
ஊருக்கு வெளியே துருப்பிடிக்கும் டாங்கிகளில் கிடைத்தது,
ஒன்றின் மேல்மூடிக்குள்.
பழுக்கக் காய்ச்சி, உருளையில் சுற்றி, எண்ணெயில் முக்கினேன்.
முதலாவது உடைந்தது.
இரண்டாவது அமுக்கியதும் அப்படியே படுத்துவிட்டது,
எழுந்திருக்க மனமில்லை.
மூன்றாவதை நீலம் பூக்கும்வரை சூடேற்றி
மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன்.
எழுந்தது. கொஞ்சம் அதிகமாகவே.

அடைப்பு வளையத்துக்கு முதலில் டயர் ரப்பர்.
குடித்துப் பார்த்த இயாசு
"மஸ்ஸாவா சாலை. இறக்கத்தில். பிரேக் பிடித்த வாடை" என்றான்.
பிறகு பீர் தொழிற்சாலையில்
செத்த பம்பு ஒன்றின் வெள்ளைத் தட்டு கிடைத்தது.
அதற்கு எந்த வாடையும் இல்லை.
இயாசுவுக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்.

முகப்பில் ஸ்டெல்வினா என்று இத்தாலியப் பித்தளை எழுத்து,
அதில் 'வி'க்கான முதல் எழுத்து மட்டும் விழுந்துபோயிருந்தது.
வார்த்துத் தரச் சொன்னேன்.
இயாசு வார்த்தது எங்கள் கிஈஸ் எழுத்து.
அதில் உயிரும் மெய்யும் ஓருடல்;
ஒரே எழுத்தில் முழு 'வி'.
பக்கத்தில் பழைய 'இ' வேறு
வேலையில்லாமல் நிற்கிறது.
ஸ்டெல்வி-இனா.
படிக்கிறவர்கள் ஒரு நொடி இழுத்துப் படிக்கிறார்கள்,
பிரியமானவரைக் கூப்பிடுவதுபோல.

பட்டறையிலிருந்து போகும் முன்பு
வலது கைப்பிடிக்குக் காட்டு ஒலிவ மரம் கடைந்தேன்.
இடது கைப்பிடி பழையதேதான், கறுப்பு, விரிசலோடு.
அழுத்தமானி முள்ளை என்னால் எழுப்ப முடியவில்லை.
கொதிக்கும்போதும் சைபரில் நிற்கும்.
லெதெப்ரஹான் சொன்னாள்:
"இருக்கட்டும். பதறாத ஒரு ஆள்
கடையில் வேண்டும்."

முதல் கோப்பையைக் கொட்டினாள்.
இரண்டாவதை எனக்குத் தந்தாள், தகரம்.
மூன்றாவதை அவளே குடித்துவிட்டுக்
கூலியை எண்ணி வைத்தாள்.
ஐந்து நக்ஃபா குறைவு.
"டயர் கணக்கில் கழித்தேன்."

என் வில்லுக்கு முரட்டுத்தனம் அதிகம்.
வலது நெம்புகோல் இறங்க
இரண்டு கையும் வேண்டும்; ஏற
இடதைவிட நாலு விநாடி கூடுதல்.
சரிசெய்து தருகிறேன் என்று இரண்டு முறை போனேன்.
இரண்டு முறையும்
கூட்டமாக இருக்கிறது, அப்புறம் வா என்றாள்.

இப்போது அவசரக்காரர்கள் இடப்பக்கம் நிற்கிறார்கள்.
வலப்பக்கம் நிற்பவர்கள்
அந்த நாலு விநாடியில்
ஏதோ சொல்ல ஆரம்பிக்கிறார்கள்.